மடிநோய்த் தடுப்பூசியிடம் என்ன கேட்பது?

காலையில் வழக்கம்போல் தீனி எடுத்து, குறைவில்லாமல் பால் கொடுத்த மாடு, மாலைக் கறவைக்குத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். மூன்று காம்புகளில் பால் சரியாக வரும். நான்காவதில் மஞ்சள் பாய்ந்த தண்ணீரும் ஊடே சிறு சிறு திரிகளும்தான் வரும். மடியின் அந்தப் பகுதி மட்டும் இறுகிச் சூடேறியிருக்கும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அசைபோடுவது நின்று, கண் குழிவிழத் தொடங்கியிருக்கும். கன்று ஈன்று சில நாட்களே ஆன, நன்றாகக் கறக்கும் மாடு என்றால் கால்நடை மருத்துவருக்கு முதலில் தோன்றும் பெயர் ஈ.கோலை. இரவுக்குள் மாடு படுத்துவிட்டால் எழுப்புவது பெரும்பாடு. சில மாடுகள் எழுவதே இல்லை.

ஈ.கோலை மாட்டின் குடலிலேயே வாழும் பாக்டீரியா. சாணத்தோடு தரையில் விழுகிறது. ஈரத்தரையில் மாடு படுக்கும்போது காம்புத் துளை வழியாக உள்ளே புகுந்துவிட்டால், அது பெருகத் தேவையான சர்க்கரை, புரதம், வெதுவெதுப்பு எல்லாம் மடிக்குள் தயாராக இருக்கின்றன. ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். கறப்பவர் கண்ணில் நோய் படும் நேரத்தில் பாக்டீரியாவின் எண்ணிக்கை பெரும்பாலும் உச்சத்தைத் தொட்டு இறங்கவும் தொடங்கியிருக்கும். அப்போது மாட்டை வீழ்த்துவது, செத்த பாக்டீரியாவின் உறையிலிருந்து கழன்று வரும் எண்டோடாக்சின் என்ற நச்சும், அந்த நச்சைக் கண்டு மாட்டின் உடலே காட்டும் அளவுமீறிய கொந்தளிப்பும்தான். ஆன்டிபயாடிக் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பிந்தி வருகிறது. உடலில் நீரேற்றுவதும் அழற்சியைத் தணிப்பதும்தான் உயிரைப் பிடித்து நிறுத்துகின்றன.

நோய் வருமுன்பே மாட்டைத் தயார்செய்து வைக்க முடியுமா என்ற கேள்விக்கு அதனால்தான் இவ்வளவு எடை. முடியும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கான தடுப்பூசி அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்திய பண்ணைகளில் பலரும் ஒரு குறையைச் சொல்வார்கள்: ஊசி போட்ட மாட்டுக்கும் மடி வீங்குகிறதே! குறை உண்மைதான். ஆனால் அந்த ஊசி தருவது வேறு ஒன்று. அது என்ன என்பது புரிந்தால்தான் ஊசிக்குக் கொடுக்கும் காசு வீணா இல்லையா என்பதைச் சொல்ல முடியும்.

தடுப்பூசி என்றதும் நம் மனத்தில் வருவது கோமாரி ஊசி. அதற்கு முந்தைய தலைமுறைக்கு வெக்கை நோய் ஊசி. வெக்கை நோயை உண்டாக்கிய வைரஸ் ஒரே வகை. ஒருமுறை போட்ட ஊசி பல ஆண்டுகள் காத்தது. வைரஸ் உடலெங்கும் பரவ ரத்தத்தில் இறங்கியாக வேண்டும், ரத்தத்தில் எதிர்ப்பொருட்கள் அதற்காகவே காத்திருக்கும். 2011-இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த அளவுகோலை மடிநோய்க்கு வைத்துப் பார்த்தால் எந்த ஊசியும் தோற்றுத்தான் போகும். மடிநோய் ஒரு கிருமியால் வருவதல்ல. 1887-இல் பிரான்சில் நோக்கார், மொல்லெரோ இருவரும் பசுக்களின் தொற்று மடிநோய்க்கு ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா காரணம் என்று காட்டினார்கள். அதற்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் இனங்களை நோயுற்ற மடியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். சில, ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கறப்பவர் கை வழியாகவும் கறவை இயந்திரம் வழியாகவும் தாவுபவை. மற்றவை தரையிலும் சாணத்திலும் படுக்கையிலும் காத்திருப்பவை.

கிருமிகளின் எண்ணிக்கையை விடவும் பெரிய சிக்கல் மடியின் அமைப்பு. உடலின் வேறெந்த உறுப்பும் இப்படி ஒரு நெருக்கடியில் இல்லை. தினமும் இரண்டு வேளை வெளியுலகுக்குத் திறந்து மூட வேண்டும். உள்ளே இருப்பதோ பாக்டீரியாவுக்கு மிகப் பிடித்த உணவு. இரண்டுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள காம்புக் குழல் மட்டும். அதன் உட்சுவரில் கெரட்டின் என்ற மெழுகுபோன்ற பூச்சு, முனையில் சுருக்குத் தசை. கறந்து முடித்ததும் அந்தத் தசை உடனே இறுகுவதில்லை, அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை தளர்ந்தே இருக்கும். கறந்ததும் மாட்டுக்குத் தீனி போட்டு நிற்கவைக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்த நேரத்தில் படுக்காமல் இருந்தாலே பல தொற்றுகள் வாசலோடு நின்றுவிடும்.

வாசலைத் தாண்டிய பாக்டீரியாவை எதிர்கொள்ள வருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் இவை கெட்டிக்கார அணுக்கள். கண்ட பாக்டீரியாவை விழுங்கிக் கொன்றுவிடும். பாலுக்குள் வந்ததும் இவற்றின் திறமை சட்டென்று குறைந்துவிடுகிறது. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளையும் கேசின் புரதத்தையும் இவை விழுங்கத் தொடங்குகின்றன, வயிறு நிறைந்தபின் பாக்டீரியாவைத் தின்ன இடமில்லை. ரத்தத்தில் இவற்றுக்குக் கைகொடுக்கும் துணைப் புரதங்களும் பாலில் மிகக் குறைவு. எதிர்ப்பொருட்களின் நிலையும் அப்படியே. தோளிலோ கழுத்திலோ போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை நன்றாகவே ஏற்றும். நலமான மடியில் அது பாலுக்குள் கசிவதோ கொஞ்சம்தான். நாளுக்குப் பல லிட்டராகச் சுரக்கும் பாலில் அதுவும் கரைந்து, அடுத்த கறவையில் வாளிக்குப் போய்விடுகிறது.

இந்தச் சூழலில் ஈ.கோலைக்கு எதிராக ஒரு தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது? அந்தக் கதை மாட்டுத்தொழுவத்தில் தொடங்கவில்லை, மனிதர்களின் மருத்துவமனையில் தொடங்கியது. ஈ.கோலையின் வெளியுறையில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. ஒவ்வொரு வகை ஈ.கோலையும் இந்தச் சங்கிலியை வெவ்வேறு விதமாகப் பின்னி, வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சட்டைகள் உண்டு. ஒரு சட்டைக்கு எதிராக ஊசி போட்டால் அடுத்த சட்டை தப்பித்துவிடும். ஆய்வாளர்களிடம் ஜே5 என்றொரு பிறழ்ந்த வகை இருந்தது. சர்க்கரைச் சங்கிலியைக் கட்டத் தேவையான ஒரு நொதி அதனிடம் இல்லை. எனவே அதற்குச் சட்டையே கிடையாது. எல்லா ஈ.கோலைக்கும், அதன் நெருங்கிய உறவுகளுக்கும் பொதுவான உள்ளுறை அதில் திறந்து கிடந்தது. அந்த உள்ளுறையை உடலுக்கு அறிமுகப்படுத்தினால், எந்தச் சட்டையில் வந்தாலும் அடையாளம் தெரியும் என்பது எண்ணம்.

1982-இல் எலிசபெத் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும், ஜே5 ஊசி போட்டுக்கொண்டவர்களிடமிருந்து எடுத்த ரத்தநீரை, ரத்தத்தில் இவ்வகைத் தொற்று ஏறிய நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். இறப்பு விகிதம் 39 விழுக்காட்டிலிருந்து 22 ஆக இறங்கியது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் அதே எண்ணத்தின் அடிப்படையில் பின்னர் உருவான மருந்துகள் பெரிய சோதனைகளில் நிற்கவில்லை, 1990களில் அந்தப் பாதை மங்கிப்போனது. மனித மருத்துவம் கைவிட்ட அந்த எண்ணம் பால்பண்ணைகளில் பிழைத்துக்கொண்டது. 1989-இல் கலிஃபோர்னியாவின் இரண்டு பண்ணைகளில் 486 மாடுகளை வைத்து நடந்த சோதனை வெளியானது. ஈ.கோலையும் அதன் உறவுகளும் உண்டாக்கும் மடிநோய் மொத்தம் 35 மாடுகளில் கண்ணுக்குத் தெரியும்படி வந்தது. அவற்றில் ஊசி போட்டவை 6, போடாதவை 29.

இந்த எண்களைப் பார்ப்பவர் எவரும் தொற்றே தடுக்கப்பட்டது என்றுதான் நினைப்பார். அடுத்துவந்த ஆண்டுகளில் ஓஹாயோ ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் நோயை மட்டும் எண்ணாமல், மடியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பால் எடுத்து பாக்டீரியா இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட மாட்டின் மடிக்குள்ளும் பாக்டீரியா நுழைந்திருந்தது, போடாத மாட்டுக்கு ஏறக்குறைய நிகராகவே. வேறுபாடு அதற்குப் பிறகுதான். ஊசி போட்ட மாட்டில் அது பெரும்பாலும் பெருநோயாக மூளவில்லை. மூண்டாலும் சீக்கிரம் தணிந்தது, மாடு படுக்கவில்லை. நியூட்ரோஃபில்கள் முன்கூட்டியே விழித்துச் சீக்கிரம் வந்து சேர்வதும், பாக்டீரியா உச்சம் தொடுமுன்பே அதை அடக்குவதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. ஆக, ஜே5 ஊசியிடம் கேட்க வேண்டியது ‘நோய் வராதா’ என்பதல்ல, ‘வந்தால் மாடு பிழைக்குமா, மறுபடி கறக்குமா’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு அது கண்ணியமாக விடை சொல்கிறது. அதிகாலையில் படுத்த மாட்டைத் தூக்கி நிறுத்தப் போராடிய எவருக்கும் இந்த விடையின் மதிப்பு தெரியும்.

ஊசி போடும் காலமும் இந்த உயிரியலிலிருந்தே வருகிறது. அடுத்த ஈத்துக்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதம் பால் வற்ற விடுகிறோமே, அந்த வற்றுக்காலத்தின் தொடக்கத்தில் ஓர் ஊசி, கன்று ஈனுவதற்குச் சில வாரம் முன்பு இன்னொன்று, ஈன்றபின் மூன்றாவது என்பது வழக்கமான முறை. வற்றுக்காலத்தின் நடுவில் மடி ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கிறது. காம்புக் குழலைக் கெரட்டின் அடைத்துக்கொள்கிறது. மடிநீரில் லாக்டோஃபெரின் என்ற புரதம் பெருகி, இரும்புச்சத்தையெல்லாம் தன்வசம் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத ஈ.கோலை பெருக முடியாது. ஈனும் நாள் நெருங்க நெருங்க இந்த இரண்டு காவலும் தளர்கின்றன. கன்று ஈன்ற மாட்டின் உடலோ தின்பதைவிட அதிகமாகப் பாலில் கொடுத்து இளைத்துக்கொண்டிருக்கும், அதன் வெள்ளை அணுக்களும் சோர்ந்திருக்கும். ஆபத்து மிகுந்த அந்தச் சில வாரங்களில் பாதுகாப்பு உச்சத்தில் இருக்கும்படி ஊசியின் நாட்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. பால் வற்றாத நடுக்கறவையில் நினைத்தபோது ஒரே ஓர் ஊசி போட்டுவிட்டுப் பலன் இல்லை என்பது ஊசியின் குற்றமல்ல.

இரும்பைப் பற்றிய இந்த அறிவு வேறொரு தடுப்பூசிக்கும் வழிவிட்டது. க்ளெப்சியெல்லா என்பது ஈ.கோலையின் உறவு, ஆனால் அதைவிடக் கொடியது, மரத்தூள் படுக்கையில் செழிப்பது. அது இரும்பைப் பிடித்திழுக்கத் தன் உறையில் வைத்திருக்கும் புரதங்களையே இலக்காக்கி அமெரிக்காவில் ஓர் ஊசி உருவாகியிருக்கிறது. ஒரு நுணுக்கமும் சொல்ல வேண்டும்: இந்த வகை ஊசிகள் எல்லாவற்றிலும் சிறிதளவு எண்டோடாக்சின் இருக்கும். போட்ட மறுநாள் காய்ச்சல், தீனிக் குறைவு, பால் குறைவு வரலாம். ஒரே நாளில் இப்படிப்பட்ட இரண்டு மூன்று ஊசிகளைச் சேர்த்துப் போடக் கூடாது.

இனி இரண்டாவது எதிரி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஈ.கோலை அடித்து வீழ்த்தும், இதுவோ குடியிருந்து அரிக்கும். மாடு காய்ச்சலில் விழுவதில்லை. பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஈத்துக்கு ஈத்து கறவை மட்டும் குறைந்துகொண்டே வரும். இப்படி மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டுபிடிக்க 1957-இல் ஷாமும் நூர்லாண்டரும் வகுத்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை இன்றும் உலகமெங்கும் தொழுவங்களில் நடக்கிறது. நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் பீச்சலை விட்டுவிட்டு, காம்புக்கு ஒரு குழியாகச் சிறிது பால் பீச்ச வேண்டும். தட்டைச் சாய்த்து அளவைச் சமமாக்கி, அதே அளவு சோதனைத் திரவத்தை ஊற்றி மெல்லச் சுழற்ற வேண்டும். பத்து விநாடிக்குள் தெரிந்துவிடும். மூன்று குழிகளில் திரவம் தண்ணீராக ஓடும். ஒன்றில் மட்டும் கெட்டிப்பட்டு, நடுவில் மேடாகக் கூடி, தட்டைச் சாய்த்தால் வழவழவென்று ஒரே கட்டியாக நகரும். அந்தத் திரவம் ஒரு சோப்பு வகை. வெள்ளை அணுக்களின் சவ்வை உடைக்கிறது, அவற்றின் டிஎன்ஏ வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக் கூழாகிறது. அணுக்கள் எவ்வளவு அதிகமோ கூழ் அவ்வளவு கெட்டி. பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் ஆய்வாளர்கள் கடைகளில் கிடைக்கும் சலவைத்தூளைக் கரைத்தே இந்தச் சோதனையைச் செய்யலாம் என்று காட்டினார்கள். சிறு விவசாயி கையில் இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது. ஒவ்வொரு தொழுவத்திலும் மாதம் ஒருமுறை இது நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நலமான மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருப்பதாகக் கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைப் பாலுக்கு விதித்த உச்சவரம்பு 4 லட்சம், அமெரிக்கா விதித்தது 7.5 லட்சம்.

ஆரியஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி ஏன் இவ்வளவு கடினம்? எதிர்ப்பொருளுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை பாக்டீரியாவைப் பிடிக்கும், மறுமுனை வெள்ளை அணுவை அழைக்கும். ஆரியஸ் தன் மேற்பரப்பில் வைத்திருக்கும் ‘புரதம் ஏ’ எதிர்ப்பொருளைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. அழைக்க வேண்டிய முனை கட்டுண்டு போகிறது. அதோடு நிற்பதில்லை. பிசின் போன்ற படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒண்டிக்கொள்கிறது, மடியின் சொந்த அணுக்களுக்குள்ளேயும் புகுந்து பதுங்குகிறது. வெள்ளை அணுக்களைக் கொல்லும் நச்சுகளையும் சுரக்கிறது. நாள்பட நாள்பட அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, ஆன்டிபயாடிக்கும் அங்கே எட்டாமல் போகிறது. பழைய தொற்றுள்ள மாட்டைக் கடைசியாகக் கறப்பதும், தேறாவிட்டால் மந்தையிலிருந்து விலக்குவதும் இதனால்தான்.

இந்தப் படலத்தையே குறிவைத்து, ஜே5-ஐயும் ஆரியஸையும் ஒரே ஊசியில் சேர்த்து ஸ்பெயினில் தயாரான தடுப்பூசிக்கு 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் பாக்டீரியாவுக்கான இன்னொன்று 2018-இல் வந்தது. முதலாவதைப் பற்றி இரண்டு கள ஆய்வுகள் கவனிக்கத்தக்கவை. இத்தாலியில் இரண்டு மந்தைகளில் நடந்ததில் புதுத்தொற்று மிதமாகக் குறைந்தது, வந்த தொற்று நீடிக்கும் காலமும் சுருங்கியது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மந்தைக்குள் ஆரியஸ் பரவும் ஆற்றல் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது. பிரிட்டனில் ஏழு பண்ணைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளில் நடந்தது 2015-இல் வெளியானது. மடிநோய் வந்த மாடுகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! ஆனால் ஊசி போட்ட மாடுகளில் நோயின் கடுமை குறைந்தது, கன்று ஈன்ற முதல் 120 நாளில் மாட்டுக்குச் சுமார் 230 லிட்டர் பால் கூடுதலாகக் கிடைத்தது.

முதல் ஆய்வை மட்டும் காட்டி விற்பவரும் இரண்டாவதை மட்டும் காட்டி மறுப்பவரும் மாட்டுக்காரருக்கு நியாயம் செய்யவில்லை. பரவலைப் பாதியாக்கும் ஊசி, பரப்பும் கைகளையும் துணிகளையும் அப்படியே விட்டுவைத்த பண்ணையில் தோற்கும். ஒரே துணியால் எல்லா மாட்டின் மடியையும் துடைப்பதை நிறுத்தி, கறந்தபின் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் நனைக்கும் பண்ணையில் அதே ஊசி மிச்ச வேலையை முடித்துவைக்கும். இங்கிலாந்தின் ரெடிங் ஆய்வாளர்கள் 1960களில் வகுத்த மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஊசியே கிடையாது. காம்பு நனைத்தல், வற்றுக்கால மருந்து, உடனடிச் சிகிச்சை, தீராத மாட்டை நீக்குதல், கறவை இயந்திரப் பராமரிப்பு ஆகிய ஐந்தே. அதனாலேயே மேலை நாடுகளின் பால்பண்ணைகளில் தொற்று மடிநோய் பெருமளவு அடங்கியது.

அந்த ஐந்தில் ஒன்றுக்கு இப்போது காலம் முடிகிறது. பால் வற்ற விடும்போது எல்லா மாட்டின் மடிக்குள்ளும் ஆன்டிபயாடிக் குழாயைச் செலுத்தும் வழக்கத்தை, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது. இனித் தேவைப்படும் மாட்டுக்கு மட்டுமே. ஆன்டிபயாடிக் தங்கிய பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது என்பது நம் வீடுகளுக்கும் பட்டறிவு. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னெடுத்து, தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் நாடெங்கும் பரப்பிவரும் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சுக்கு இவ்வளவு வரவேற்பு இருப்பதும் இந்தக் கவலையால்தான். அது வந்த நோய்க்கு வைத்தியம், ஊசி வரப்போவதற்கு முன்னேற்பாடு. ஒன்றுக்குப் போட்டியாக இன்னொன்றை நிறுத்துவதில் பொருளில்லை.

தசையில் போடும் ஊசி ரத்தத்தை நிரப்புகிறது, போர் நடப்பதோ மடியில் என்ற பழைய சிக்கலுக்கு இப்போது வேறு பக்கமிருந்து விடை தேடுகிறார்கள். பிரான்சின் தூர் நகருக்கு அருகே பாஸ்கல் ரெனார் குழுவினர், எதிர்ப்பொருளை விட்டுவிட்டு டி அணுக்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்களைக் கவனிக்கிறார்கள். இந்த அணுக்களில் ஒருவகை இன்டர்லூக்கின்-17 என்ற சைகைப் பொருளைச் சுரந்து நியூட்ரோஃபில்களை விரைந்து வரவழைக்கிறது, மடியின் உட்சுவரையும் உசுப்பிவிடுகிறது. கொல்லப்பட்ட ஈ.கோலையைத் தசையில் போட்டதோடு மடிக்குள்ளும் நேரடியாகச் செலுத்தியபோது, பின்னர் உயிருள்ள பாக்டீரியாவை மாடுகள் இன்னும் நன்றாகச் சமாளித்தன என்று 2017-இல் அவர்கள் எழுதினார்கள். ஆனால் மடிக்குள் எதைச் செலுத்தினாலும் அதுவே சிறிது அழற்சியைக் கிளப்பும், காம்புத் துளையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்கிருமி நுழைய வழி உண்டாகும். தசையில் போட்டாலும் மடியில் தங்கும் டி அணுக்களை உண்டாக்கும், ஊசியோடு சேர்க்கத்தக்க துணைப்பொருளைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் முன் இருக்கும் வேலை.